ஸ்டியரிங் திரும்பலைன்னா அது டெஸ்ட்

நான் கம்பத்துக்காரன். லோயர் கேம்ப்ல இருந்து குமுளிக்கு ஏறினா, ஸ்டியரிங் ஒரு நிமிஷம்கூட நேரா நிக்காது. இன்னைக்குக் கதை அந்த ஸ்டியரிங்லதான் ஆரம்பிக்குது.

சோதனைக் கூடத்துல கார் உருளை மேல ஓடும். சக்கரம் சுத்தும், ஸ்டியரிங் அசையாது. ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்ல இருந்த மென்பொருள் இந்த மாதிரி அறிகுறிகளை வச்சு, 'இது டெஸ்ட்'னு கண்டுபிடிக்கும். அப்போ மட்டும் நைட்ரஜன் ஆக்சைடை ஒழுங்கா கட்டுப்படுத்தும். என் தொழில் பாஷையில, ஒரு இஃப் கண்டிஷன்.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு கருவியைக் காருக்குள்ளயே வச்சு ரோட்டுல ஓட்டிப் பார்த்தாங்க. அதுல அரவிந்த் திருவேங்கடமும் ஒருத்தர். ஒரு கார் வரம்பைவிட 35 மடங்கு வரைக்கும் கக்குச்சு. 2015 செப்டம்பர்ல விஷயம் வெடிச்சது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள்.

அமெரிக்காவுல 2016 ஒப்பந்தப்படி, 2 லிட்டர் டீசல் கார் வச்சிருந்தவங்க மோசடி வெளிவர்றதுக்கு முந்தின மதிப்புக்குக் காரைத் திருப்பிக் கொடுக்கலாம். அதுக்கு மேல சுமார் 5,100 முதல் 10,000 டாலர் வரை கிடைச்சது.

இந்தியாவுல? 2015 டிசம்பர்ல 3,23,700 கார்களைத் திரும்ப அழைச்சு மென்பொருளை மாத்தித் தர்றதா அறிவிச்சாங்க. பணம் கிடையாது. பிஎஸ்-4 விதியை மீறவே இல்லைன்னு கம்பெனி வாதாடுச்சு. 2019 மார்ச்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அந்தக் கணக்கு டெல்லி காத்துக்கு வந்த பாதிப்புல இருந்து ஆரம்பிச்சது. கார் வாங்கினவருக்கு அதுல பங்கில்லை. மே மாசமே உச்ச நீதிமன்றம் கட்டாய நடவடிக்கை எடுக்கத் தடை போட்டது.

"கார்தான் ஓடுதே, என்ன நஷ்டம்?"னு கேட்கலாம். பன்னீர் திராட்சைன்னு காசு வாங்கிட்டு, பெட்டியில வேற பழம் வச்சா, "சாப்பிட்டுட்டீங்கல்ல?"ன்னு சொல்லித் தப்பிக்க முடியுமா? சொன்ன பொருளுக்குத்தானே காசு கொடுத்தோம்.

2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 110ஏ பிரிவு சேர்ந்தது. சுற்றுச்சூழலுக்குக் கேடு தர்ற குறை இருந்தாலும் அரசு காரைத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம். கம்பெனி முழு விலையைத் தரணும், அல்லது வேற வண்டி தரணும், அல்லது பழுது பார்க்கணும்.

அந்த 'அல்லது'வை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். எதுன்னு தேர்ந்தெடுக்கிற உரிமையை அது கார் வாங்கினவர் கையில கொடுக்கல. அது மாறுற வரைக்கும் நமக்குக் கிடைக்கிற நியாயம் பெரும்பாலும் ஒரு அப்டேட்டோட நின்னுடும்.