அவுஸ்திரேலிய உள்நாட்டில் கம்பியில்லாத் தந்தியும் வைத்தியமும்

புதிய கருவியொன்றை மக்கள் சேவையிற் புகுத்துமுன் சிறிய அளவிற் சோதித்தல் வேண்டும் என்பது யாவரும் ஒப்புக்கொள்வதே. ஆயின், அச்சோதனையின் பயன் கருவி இயங்குகின்றதா என அறிவதோடு முடிந்துவிடுவதில்லை. எத்தகைய இடத்தில், எவர் கையில் அது இயங்கவேண்டும் என்பதையும் சோதனையே புலப்படுத்துகின்றது. அவுஸ்திரேலியாவின் பறக்கும் வைத்தியர் சேவை இதற்குச் சிறந்த சான்றாகும்.

1917ஆம் ஆண்டில், மேற்கு அவுஸ்திரேலியாவின் ஹோல்ஸ் கிறீக் என்னும் ஒதுக்கிடத்துக்குப் படுகாயமடைந்த ஜிம்மி டார்சி என்ற மாட்டுப்பண்ணைத் தொழிலாளி கொண்டுவரப்பட்டார். அங்கு வைத்தியர் எவரும் இலர். பேர்த் நகரிலிருந்து வைத்தியர் ஹொலண்ட் தந்தி மூலம் வழிகாட்ட, தபாலதிபர் டக்கெற் பேனாக்கத்திகொண்டு சத்திரசிகிச்சை செய்தார். வைத்தியர் நெடுவழி கடந்து வந்து சேருமுன்னரே டார்சி இறந்தார். தந்திக் கம்பி சென்ற ஊரின் நிலை இதுவாயின், அதுவுஞ் செல்லாத பண்ணைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

1912இல் உள்நாட்டுத் திருப்பணி மன்றத்தை நிறுவிய போதகர் ஜோன் பிளின், நோயாளரிடம் வைத்தியரை விமானத்தில் அனுப்ப எண்ணினார். விமானம் இருந்தாலும், அதனை அழைக்கும் வழி யாது? இவ்வினாவுக்கு விடைகாண, 1926இல் அல்பிரட் றேகர் என்னும் மின்கருவி வல்லுநரின் துணையுடன் அலிஸ் ஸ்பிறிங்ஸ், ஹேர்மன்ஸ்பேர்க், ஆள்தங்கா ஆகிய மூன்றிடங்களுக்கிடையே கம்பியில்லாத் தந்தியைச் சோதித்தார். செய்தி சென்றது, தூரம் தடையாகவில்லை. ஆனால், வெளிநிலையங்களில் வைத்த மின்கலங்களோ பெரும் பாரமுடையவை. தனித்த பண்ணைகளுக்கு ஏற்றவையல்ல. தடை வலுவிலேயே உள்ளதென்பது தெளிவாயிற்று.

1928 மே மாதத்தில் குளொன்கறியிலே வான்வழி வைத்திய சேவை ஓராண்டுச் சோதனையாகத் தொடங்கிற்று. குவான்ரஸ் நிறுவனத்திடம் வாடகைக்குப் பெற்ற விமானத்தில் வைத்தியர் வெல்ச் முதலாண்டில் 50 பயணங்கள் செய்து 225 நோயாளரைக் கவனித்தார். இவ்வெற்றியும் குறையுடையதே, அழைக்க வழியற்றோர்க்கு விமானம் எட்டாப் பொருளாகவே இருந்தது.

அக்குறையை நீக்கியது றேகர் அமைத்த மிதி மின்னாக்கியாகும். துவிச்சக்கர வண்டியின் மிதிகளைப் போன்றவற்றைக் காலால் இயக்கி, ஏறத்தாழ 20 வாற்று வலுவை ஒருவரே ஆக்கலாம். செய்தி அனுப்பக் கைகள் ஓய்வாயிருக்கும். 1929 யூனில் குயீன்ஸ்லாந்தின் ஓகஸ்ரஸ் டவுன்ஸ் பண்ணையில் முதற் கருவி அமைந்தது. பயன்படுத்தியபோது மற்றொரு தடை தோன்றிற்று: பண்ணை மாந்தர் பலர் மோர்ஸ் குறியீட்டை அறியார். எனவே, எழுத்தை அழுத்தினால் உரிய குறியீட்டை அனுப்பும் விசைப்பலகையை றேகர் ஆக்கினார். 1930களின் நடுப்பகுதியில் மனிதக் குரலே செல்லலாயிற்று.

1926இன் முதற் சோதனையில் செய்தி சென்றதையே முழு வெற்றியெனக் கருதிப் பாரமான கருவிகளை எங்கும் பரப்பியிருந்தால், அவை பண்ணைகளில் விரைவில் ஓய்ந்து கிடந்திருக்கும். நம்பிக்கையும் உடன் ஓய்ந்திருக்கும். சோதனை காட்டிய குறையைச் செவிமடுத்து அடுத்த படியை வைத்தமையே அச்சேவையை நிலைக்கச் செய்தது. 1951இல் பிளின் மறைந்தார். 1955இல் அச்சேவை 'றோயல்' என்னும் அடைமொழியைப் பெற்றது. வைத்தியரின் அறிவு எத்துணை உயர்ந்ததாயினும், நோயாளியின் அழைப்பு அவர் செவியை எட்டிய பின்னரே அது பயன்தரும் என்பதனை இவ்வரலாறு உணர்த்துகின்றது.