தினம் ஒரு பக்கம்

மாணவர் கட்டுரை எழுதிக் கொடுப்பது, ஆசிரியர் ஓரத்தில் பிழை குறித்துத் திருப்பித் தருவது, மாணவர் மீண்டும் எழுதுவது என்ற சுற்று அமெரிக்கக் கல்லூரிகளில் வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில்தான். அதுவரை படிப்பில் வாய்க்கே முதலிடம். லத்தீன், கிரேக்கப் பாடங்களை வகுப்பில் எழுந்து ஒப்பித்தார்கள், மேடையேறிப் பேசிப் பழகினார்கள். ஹார்வர்டில் புகழ்பெற்ற பாய்ல்ஸ்டன் பேராசிரியர் பதவியே சொல்வன்மைக்கும் சொற்பொழிவுக்கும் ஏற்பட்டது. 1806-இல் அதில் முதலில் அமர்ந்தவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் குவின்சி ஆடம்ஸ். எழுத்துப் பயிற்சி அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1819 முதல் 1851 வரை அப்பதவியில் இருந்த எட்வர்டு சானிங்கிடம்தான் பின்னாளில் எழுத்தாளர்களான எமர்சனும் தோரோவும் எழுதிப் பழகினார்கள். ஆனால் அன்று வகுப்புகள் சிறியவை.

1869-இல் சார்லஸ் எலியட் ஹார்வர்டின் தலைவரானதும் நிலைமை மாறியது. பழைய கட்டாயப் பாடங்கள் ஒவ்வொன்றாக விருப்பப் பாடங்களாயின, மாணவர் தொகை ஏறியது. 1872-இல் ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் ஆசிரியராக வந்து சேர்ந்தார். சட்டம் படித்துவிட்டுப் பத்திரிகையில் வேலை பார்த்தவர் அவர். இரண்டே ஆண்டில் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை புகுந்தது. ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்', ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' போல முன்கூட்டியே அறிவித்த நூல்களிலிருந்து ஒரு தலைப்பு கொடுக்கப்படும். எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம், நடை எல்லாம் பார்க்கப்படும். 1879-இல் எழுதிய 316 பேரில் 157 பேர் தோற்றார்கள். சிறப்பாகத் தேறியவர்கள் 14 பேர்தான். ஆண்டுக்கணக்கில் லத்தீன் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இவர்கள்.

பள்ளி சொல்லித்தராததைக் கல்லூரி சொல்லித்தர வேண்டியதாயிற்று. 1885-இல் கட்டுரைப் பாடம் முதலாண்டுக்கு இறக்கப்பட்டது. 'இங்கிலீஷ் ஏ' என்று அழைக்கப்பட்ட அது, மற்ற பாடங்கள் பெரும்பாலும் விருப்பப் பாடங்களான பிறகும் கட்டாயமாகவே நீடித்தது. 1892-இல் மூவர் குழு ஒன்று இந்தப் பயிற்சியை ஆராய்ந்தது. மூவரில் ஒருவர் ரயில்வே நிர்வாகி, ஒருவர் பத்திரிகை ஆசிரியர். மாணவர் எழுதிய தாள்களையே அறிக்கையோடு சேர்த்து அச்சிட்டு, பழியைப் பள்ளிகள் மேல் போட்டார்கள். கோணல் எழுத்தும் கோணல் சிந்தனையும் அந்த அறிக்கையில் ஒரே குற்றமாகிவிட்டன. அந்தக் குழப்பம் கட்டுரை திருத்துகிறவர்களை நெடுங்காலம் விடவில்லை.

அதே காலத்தில் பாரெட் வெண்டெல் என்ற ஆசிரியர் வேறொரு வழியில் போனார். 'இங்கிலீஷ் 12' என்ற மேல்வகுப்பில் சேர்ந்தவர்கள் தினம் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். பொருள், அன்றைக்குக் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்று. பெருமை, கடமை, நாகரிகம் போன்ற பெருந்தலைப்புகளில் எழுதும்போது மாணவர் கேட்ட சொற்களையே கோத்துத் தந்துவிடலாம். ஜன்னலுக்கு வெளியே நடந்ததை எழுத இரவல் சொல் உதவாது. 1890-இல் இந்த வகுப்பில் சேர்ந்தவர்களில் ஒருவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். ஹார்வர்டில் அவருடைய முதல் ஆங்கிலக் கட்டுரைக்குத் தேர்ச்சிகூடக் கிடைக்கவில்லை. உலகத்துக்குச் சொல்லத் தன்னிடம் ஏதோ இருக்கிறது, அதை நன்றாகச் சொல்லவே இந்த வகுப்புக்கு வந்திருக்கிறேன் என்று அவர் எழுதிய பகுதியை வெண்டெல் வகுப்பில் எடுத்து வாசித்தார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய கறுப்பின எழுத்தாளர்களில் ஒருவராக டு பாய்ஸ் வளர்ந்தார்.

எழுதவைத்துத் திருத்தும் இந்த முறைக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள். நூறு மாணவர், வாரம் ஒரு கட்டுரை, தாளுக்குப் பத்தே நிமிடம் என்று வைத்தாலும் திருத்த மட்டும் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1912 ஜனவரியில் வந்த 'இங்கிலீஷ் ஜர்னல்' முதல் இதழில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஹாப்கின்ஸ் இதைத்தான் எழுதினார். இன்றைய நிலையில் கட்டுரைப் பயிற்சியை ஒழுங்காக நடத்த முடியுமா என்பது தலைப்பு. 'முடியாது' என்பது அவருடைய முதல் பதில்.

நேரத்தை மிச்சப்படுத்தத்தான் எண் போட்ட விதிநூல்கள் வந்தன. ஆசிரியர் ஓரத்தில் எண்ணை மட்டும் எழுதுவார், மாணவர் நூலைப் புரட்டிப் பிழையைத் தெரிந்துகொள்வார். கார்னெல் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் சொந்தமாக அச்சிட்ட, 43 பக்கமே உள்ள 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' நூலின் நோக்கமும் அதுவே. அவரிடம் 1919-இல் படித்த இ. பி. ஒயிட், 1957-இல் தம் ஆசிரியரை நினைவுகூர்ந்து 'நியூ யார்க்கர்' இதழில் எழுதினார். ஒயிட் விரித்தெழுதிய பதிப்பு 1959-இல் வெளிவந்து பெருவாரியாக விற்றது. திருத்துகிறவரின் பாரத்தைக் குறைக்கப் பிறந்த சிறுநூல், எழுத்தாளர்களின் வேதம்போல ஆகிவிட்டது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் உயர்நிலைப் பள்ளி முடித்த நகரவாசிகள் எல்லோருக்கும் கதவைத் திறந்தபோது ஹில் சந்தித்த சிக்கல் மறுபடி தலைதூக்கியது. அங்கே சிட்டி கல்லூரியில் மீனா ஷாகனெஸ்ஸி, புது மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளைப் படித்து 1977-இல் நூல் வெளியிட்டார். பிழைகள் கண்டபடி விழவில்லை, மாணவர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒரு கணக்குப்படியே விழுகின்றன என்று காட்டினார். பிழைக்கு அஞ்சியே அவர்கள் குறைவாக எழுதினார்கள் என்பதும் அவர் கண்டது.

ஹார்வர்டில் முதலாண்டுக் கட்டுரைப் பயிற்சி இன்றும் கட்டாயம். வெண்டெலின் வழி யேல் பல்கலைக்கழகத்தில் நூறாண்டுக்கும் மேலாக 'டெய்லி தீம்ஸ்' என்ற பெயரில் நடந்து வருகிறது. அங்கே நாளுக்குச் சுமார் 300 சொல், வாரத்தில் ஐந்து நாள் எழுத வேண்டும்.