மௌனத்துக்கு மருந்து உண்டா?

திருவண்ணாமலையில் மௌனத்துக்குத் தனி மரியாதை உண்டு. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தவன் யாரோடும் பேசவில்லை. தெருப்பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். அவன் எழுந்து பாதாள லிங்கக் குகைக்குள் போய் இருட்டில் உட்கார்ந்து கொண்டான். பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண்ணாயிற்று, அப்போதும் பேச்சில்லை. அவனுக்குக் காவலாக நின்றவர் சேஷாத்திரி சுவாமிகள். அவரையே ஊரில் பலர் பைத்தியம் என்று சொல்லிக் கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். அந்தப் பையனைத்தான் பிற்காலத்தில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது.

இந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரு வீட்டில் நான்கு வயதாகியும் பிள்ளை பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, விசிறி சுற்றுவதையே மணிக்கணக்காகப் பார்த்துக் கொண்டிருக்கிறான் என்றால், "சாமியாரா வரப் போறான், பாரேன்" என்று சொல்வதற்கு யாராவது இருப்பார்கள். நல்ல மனத்தோடு சொல்வதுதான். ஆனால் பெற்றவளுக்கு அது ஆறுதலாவதில்லை. மதுரைப் பையன் பள்ளிக்கூடத்தில் படித்துப் பந்தாடி, எல்லோரோடும் பேசிப் பழகிய பிறகு தானாகத் தேர்ந்தெடுத்த மௌனம் அது. இந்தக் குழந்தையின் மௌனம் அவன் தேர்ந்தெடுத்தது அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது மகரிஷிக்கும் நியாயமில்லை, குழந்தைக்கும் நியாயமில்லை.

குழந்தையின் இந்த நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். மதியிறுக்கம் என்று தமிழில் எழுதுகிறார்கள். மதி இறுகிப் போய்விட்டது என்று பொருள்படும் சொல்லை ஒரு குழந்தையின் மேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் முதலில் செய்பவை நமக்குத் தெரிந்தவையே. நாக்கில் வசம்பும் தேனும் தடவுவார்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பிள்ளையைத் தோளில் சுமந்து நடப்பார்கள். "உங்க தாத்தாவுக்குக்கூட அஞ்சு வயசுலதான் பேச்சு வந்துச்சு" என்று பாட்டி ஒரு தவணை கொடுப்பாள். அந்தத் தவணையும் கழிந்த பிறகு, போளூர் வழியாக வேலூருக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கே ஒரு டாக்டர் காகிதத்தில் மருந்தின் பெயர் ஒன்றை எழுதுகிறார். கொடுப்பதா, வேண்டாமா? இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்குச் சரித்திரம் ஏதாவது சொல்லுமா என்று தேடியதன் விளைவே இந்தக் கட்டுரை.

சரித்திரம் ஒரு தகப்பனாரின் கடிதத்தில் தொடங்குகிறது. 1938-இல் அமெரிக்காவில், மிஸிஸிப்பி மாகாணத்து வக்கீல் ஒருவர் தம் மகன் டொனால்டைப் பற்றி முப்பத்து மூன்று பக்கம் டைப் அடித்து, பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கானருக்கு அனுப்பினார். பையன் எதைச் சுழற்றினான், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான், எப்போது அழுதான் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார். கானர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்ற நிலையை வைத்திய உலகம் தனியாக அடையாளம் கண்டது அதில்தான். அதன் முதல் குழந்தை டொனால்டு. டாக்டர் கண்டுபிடித்தார் என்று புத்தகங்கள் சொல்லுகின்றன. அதற்கு முன்பே கண்டு எழுதி வைத்தது ஒரு தகப்பனாரின் கண்.

அதே வைத்திய உலகம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அந்தக் கண்ணையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. தாய் அன்பில்லாமல் குளிர்ந்து போனதால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்றார்கள். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் இந்தக் கருத்தில் ஒரு பெரிய புத்தகமே போட்டார். பெர்னார்டு ரிம்லாண்டு என்பவர் மனோதத்துவ நிபுணர். ஆட்டிசமுள்ள பிள்ளைக்குத் தகப்பனார். இது மூளை வளர்ச்சியைச் சேர்ந்த விஷயம், தாயின் குற்றமல்ல என்று அவர் 1964-இலேயே வாதாடியிருந்தார். பழி நீங்க வெகுநாள் ஆயிற்று. நம் ஊரில் இன்னும் முழுக்க நீங்கவில்லை என்பதை மாமியார் மருமகள் பேச்சைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

இனி மருந்துக்கு வருவோம். மனத்தின் கொந்தளிப்பை அடக்கும் நவீன மருந்துகளின் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த சர்ப்பகந்தா வேரைச் சித்தப்பிரமைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பயன்படுத்திப் பார்த்து எழுதினார்கள். 1952-இல் ஸ்விட்ஸர்லாந்தில் அதே வேரிலிருந்து ரெஸர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். அதே ஆண்டு பாரிஸில் குளோர்புரோமஸின் மனநோயாளிகளுக்குப் பயன்பட ஆரம்பித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசினார்கள். அந்த மருந்துகள் செய்த உபகாரத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் பெரியவர்களுக்கான மருந்து சில ஆண்டுகளிலேயே குழந்தைகளின் வார்டுக்கும் வந்துவிட்டது. அந்நாளில் ஆட்டிசத்தைக் குழந்தைகளுக்கு வரும் சித்தப்பிரமை என்றே பலர் நினைத்தார்கள். அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் கிடைத்தது 1980-இல்தான். பெயர் ஒன்று என்றால் மருந்தும் ஒன்றுதானே! நியூயார்க்கில் லொரெட்டா பெண்டர் என்ற டாக்டர் 1940-களில் நூறு குழந்தைகள் வரை மின்அதிர்ச்சி கொடுத்தார். 1960-களில் எல்.எஸ்.டி. என்னும் மயக்கப் பொருளையே கொடுத்துப் பார்த்தார். அவர் கொடுமைக்காரி அல்ல. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்புத்தான் அவரைச் செலுத்தியது. சும்மா இருக்க முடியாத அன்பும் சில சமயம் ஆபத்தாகி விடுகிறது.

பின்பு நம்பிக்கைகள் வரிசையாக வந்தன. 1982-இல் மூன்று பையன்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஃபென்ஃபுளூரமின் நல்ல பலன் தந்ததாக ஒரு பெரிய வைத்தியப் பத்திரிகையில் செய்தி வந்தது. பலரிடம் பரிசோதித்தபோது அந்தப் பலன் நிலைக்கவில்லை. உடல் இளைக்கவும் பயன்பட்ட அந்த மருந்து இருதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று 1997-இல் அமெரிக்கக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

அடுத்த ஆண்டே ஸெக்ரெட்டின் வந்தது. அது குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன். பன்றியிலிருந்து எடுத்து ஊசியாகப் போடுவார்கள். வயிற்றுப் பரிசோதனைக்காக அதை ஏற்றிய மூன்று குழந்தைகள் கண்ணுக்குக் கண் பார்த்தார்கள், பேச்சு வளர்ந்தது என்று செய்தி பரவிற்று. ஆயிரக்கணக்கான பெற்றோர் ஊசிக்கு அலைந்தார்கள். 1999-இல் அறுபது குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஸெக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு கூட்டத்திலும் குழந்தைகள் முன்னேறியதாகவே மதிப்பெண்கள் வந்தன! உப்புநீருக்கும் ஸெக்ரெட்டினுக்கும் வித்தியாசமே இல்லை. இந்த முடிவை எடுத்துச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் நூற்றுக்கு 69 பேர், ஸெக்ரெட்டினில் தங்களுக்கு இன்னும் ஆர்வம் உண்டு என்றார்கள்.

இதைப் படித்துச் சிரிக்கத் தோன்றினால் சற்றுப் பொறுங்கள். முப்பத்து மூன்று பக்கம் எழுதிய அதே கண்தான் இதுவும். பெற்றவரின் கண்ணைப் போலக் கூர்மையான கண் இல்லை. ஆசை புகுந்துவிட்டால் அதைப் போல ஏமாறும் கண்ணும் இல்லை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பிடித்துக் கொண்டால்தான் மருந்துச் சீட்டை நிதானமாகப் படிக்க முடியும்.

இன்று வேலூரிலும் சென்னையிலும் டாக்டர்கள் எழுதும் மருந்துகளில் முக்கியமானது ரிஸ்பெரிடோன். 2002-இல் இதை 101 பிள்ளைகளிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். எல்லோரும் கடுமையாக ஆத்திரப்பட்டவர்கள், பிறரை அடித்தவர்கள், தங்களையே காயப்படுத்திக் கொண்டவர்கள். மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 69 பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. பொய் மாத்திரை உண்டவர்களில் 12 பேருக்கு மட்டுமே. இது உண்மையான பலன். ஆனால் அந்த எட்டு வாரத்திலேயே மருந்து உண்ட பிள்ளைகளின் எடை சராசரியாக 2.7 கிலோ ஏறிவிட்டது. பசியும் தூக்கமும் சோர்வும் கூடின. 2006-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியபோது, ஆட்டிசத்துக்கு மருந்து என்று சொல்லவில்லை. ஆட்டிசமுள்ள பிள்ளைகளின் எரிச்சலுக்கும் மூர்க்கத்துக்கும் மருந்து என்றுதான் சொன்னது. பேச்சைக் கொண்டு வரும் மாத்திரை என்று நிரூபிக்கப்பட்டது இன்றுவரை எதுவும் இல்லை.

தேரடி வீதிப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். ஏழு வயது மகன் இரவில் சுவரில் தலையை மோதிக் கொள்வான். சீட்டு வாங்கி வந்து பத்து நாளாகியும் மாத்திரை பிரிக்கப்படாமல் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது.

"மாத்திரை குடுத்தா புள்ள சொரணையில்லாம மந்தமாக் கெடப்பானோன்னு பயமா இருக்குதுங்க" என்றாள் தாய்.

"மந்தமாக் கெடந்தாலும் கெடக்கட்டும். மண்டை ஒடையாம இருந்தாப் போதும் சார்" என்றார் அவர்.

இருவரும் சொன்னது நியாயம். அவளுக்குப் பிள்ளையின் உயிர்ப்பு வேண்டும். அவருக்குப் பிள்ளையின் உயிர் வேண்டும். மறுபடியும் வேலூர் போனபோது டாக்டர் பல்லையும் காதையும் பார்த்து, மலச்சிக்கல் உண்டா என்றும் விசாரித்தார். பேசத் தெரியாத பிள்ளை வலியைத் தலையால் சொல்லுவதும் உண்டு. பிறகு, ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதி வரும்படி சொன்னார்: எப்போது மோதிக் கொண்டான், எத்தனை தடவை, அன்று என்ன நடந்தது?

தாய் எழுதினாள். மாத முடிவில் பார்த்தால், மிக மோசமான இரவுகள் பௌர்ணமியை ஒட்டி வந்திருந்தன. "நான்தான் சொன்னனே, நெலாவு பண்ற வேலை" என்றாள் ஆயா. ஆனால் பௌர்ணமியன்று இந்த ஊரில் நிலா மட்டுமா வருகிறது? லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். விடிய விடிய ஒலிபெருக்கியும் பஸ் ஹாரனும் ஊதல் சத்தமும். ஆட்டிசமுள்ள பல குழந்தைகளுக்குச் சத்தம் என்பது நமக்குத் தோலில் சூடு பட்டது போல. அடுத்த பௌர்ணமிக்குப் பையனை அம்மான் வீட்டுக் கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கும் அதே நிலாத்தான். பையன் தூங்கினான்.

இதனால் மருந்து வேண்டாமென்று ஆகிவிடவில்லை. சத்தமில்லாத நாட்களிலும் அவன் மோதிக் கொள்ளத்தான் செய்தான். குறைந்த அளவில் மாத்திரை தொடங்கினார்கள். மோதல் குறைந்தது. சட்டை இறுகியது. மாதா மாதம் எடை பார்க்கிறார்கள், டாக்டர் சொல்லும்போது ரத்தமும் சோதிக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இன்னும் வேண்டுமா என்று டாக்டரோடு உட்கார்ந்து யோசிக்கிறார்கள். ஒலிபெருக்கியால் வந்த துன்பத்துக்கும் சேர்த்து அவன் மாத்திரை தின்ன வேண்டியிருந்திருக்கும். அது மட்டும் நோட்டினால் மிச்சமாயிற்று.

இப்படிப் பெற்றோரைப் பங்காளியாக்கும் வழி நமக்குப் புதியதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல நிலையத்தைத் தொடங்கிய நாள் தொட்டு, நோயாளியோடு உறவினரும் தங்குவது அங்கே வழக்கம். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெற அங்கே தனிப் பிரிவு உண்டு. பிள்ளையை மதில் சுவருக்குள் ஒப்படைத்துவிட்டு வருகிற பழக்கத்துக்கு அது நல்ல பதில்.

மறுபக்கம், ஆசையை விலை பேசும் வியாபாரமும் நடக்கிறது. லட்சக்கணக்கில் பணம் வாங்கிக் கொண்டு 'ஸ்டெம் செல்' ஏற்றி ஆட்டிசத்தைக் குணமாக்குவதாகச் சில இடங்களில் சொன்னார்கள். அதற்கு ஆதாரமில்லை, அதைச் சிகிச்சையாக விற்பது தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் கூறிற்று. நிலத்தை விற்றுவிட்டுப் போகிற பெற்றோரின் காதுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக் கொண்டிருக்கும் தாய் தகப்பனுக்கு நான் யோசனை சொல்லத் தகுந்தவனல்ல. அது டாக்டரின் வேலை. ஆனால் இந்தச் சரித்திரத்தைப் படித்தவன் என்ற முறையில், டாக்டரிடம் கேட்கச் சில கேள்விகளைச் சொல்லலாம். இந்த மாத்திரை எந்தத் துன்பத்துக்கு? அந்தத் துன்பம் பிள்ளையுடையதா, நம்முடையதா, அக்கம் பக்கத்தாருடையதா? அது குறைந்தது என்று எதைக் கொண்டு அறிவது? இதனால் கெடுவது எது? எப்போது, எப்படிக் குறைத்து நிறுத்துவது? வலிப்பு மருந்தையும் இதையும் நாமாகத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. ஆகவே அந்தக் கடைசிக் கேள்வியை முதலிலேயே கேட்டு வைப்பது நல்லது.

இவ்வளவையும் கேட்க நேரம் கொடுக்கிற டாக்டர் கிடைத்தால் விட வேண்டாம். போகும்போது அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துக் கொண்டு போங்கள்.