கனடாவில் பூர்வகுடி நிலம்சார் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

கனடாவில் பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவர்களைக் காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் அழைத்துப்போய், பூர்வகுடி மூத்தோரிடம் பாடம் கேட்கவைத்தால் இன்று பாராட்டுக் கிடைக்கும். நூறாண்டுக்கு முன் அதே நாட்டில், அந்த மூத்தோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிப்பதற்கென்றே பள்ளிகள் நடந்தன. இந்த மாற்றத்துக்குக் கற்பித்தல் முறையில் வந்த புதுமையைவிட, பள்ளியின் அதிகாரம் கைமாறியதே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரித்த பள்ளிகள்

1879இல் நிக்கோலஸ் டேவின் அளித்த அறிக்கை, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு உறைவிடத் தொழிற்பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1920இல், பூர்வகுடிகளை 'இந்தியர்' என்று குறித்த இந்தியர் சட்டம் திருத்தப்பட்டு, 7 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. உறைவிடப் பள்ளிகளில் 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அடைக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்குத் தண்டனை கிடைத்தது. வேட்டை, மீன்பிடிப் பருவங்களில் குடும்பத்தோடு இருந்து கற்கவேண்டிய வயது விடுதிகளில் கழிந்தது.

கைமாறிய அதிகாரம்

1970இல் ஆல்பர்ட்டாவின் புளூ குவில்ஸ் பள்ளியை மூடிப் பிள்ளைகளை நகரப் பள்ளிக்கு மாற்ற அரசு முனைந்தது. பெற்றோர் பள்ளிக்குள்ளேயே அமர்ந்து போராடி நிர்வாகத்தைப் பெற்றனர். 1972இல் பூர்வகுடிகளின் தேசிய இந்தியச் சகோதரத்துவ அமைப்பு, பெற்றோர் பொறுப்பு, உள்ளூர்க் கட்டுப்பாடு என்னும் இரு கொள்கைகளை முன்வைத்தது. மறு ஆண்டே நடுவண் அரசு அவற்றை ஏற்றது.

இதன் பயன் கியூபெக்கின் கிரீ மக்களிடம் தெளிவாகத் தெரிகிறது. அரசுகளுடன் அவர்கள் 1975இல் செய்த ஜேம்ஸ் விரிகுடா ஒப்பந்தத்தின் வழி 1978இல் கிரீ பள்ளி வாரியம் அமைந்தது. வாத்துகள் வடக்கே திரும்பும் வசந்தத்தில் அங்கே பள்ளிகளுக்கு 'வாத்து விடுமுறை' உண்டு. குடும்பங்கள் வேட்டை முகாமுக்குப் போகின்றன. சிறுவர்கள் இறகு பறிக்கவும், வாத்தைக் கயிற்றில் கட்டித் தீயருகே தொங்கவிட்டுச் சுழற்றி வாட்டவும் பழகுகிறார்கள். நிலத்தின் பருவத்துக்குப் பள்ளி நாள்காட்டி வளைந்துகொடுத்தது இங்கே.

பாடத்திட்டமாதல்

அதே 1978இல் ஹைடா குவாய் தீவுகளில் டாம் ஹென்லி என்பவர், ஹைடா மக்களுடன் சேர்ந்து 'ரீடிஸ்கவரி' முகாமைத் தொடங்கினார். அது கோடை முகாம். வடமேற்குப் பிரதேசங்கள் 1993இல் வெளியிட்ட 'டெனே கெடே' பாடத்திட்டமோ, நிலம், ஆன்ம உலகம், பிற மனிதர், தான் என்ற நான்கு உறவுகளை வகுப்பறைக் கல்விக்கே அடிப்படையாக்கியது. உறைவிடப் பள்ளிகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் விடுத்த 94 செயலழைப்புகளில் 62ஆவது, உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றையும் பூர்வகுடிகளின் பங்களிப்பையும் எல்லா மாணவருக்கும் கட்டாயப் பாடமாக்கக் கோரியது. 2023-24 முதல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளிப்படிப்பை முடிக்கத் தேவையான 80 மதிப்பலகுகளில் 4 பூர்வகுடி சார்ந்தவையாக இருக்கவேண்டும்.

ஆசிரியரின் இடம்

நிலம்சார் கல்வித் திட்டத்தை வகுக்கும் ஆசிரியருக்கு முதல் தடை கால அட்டவணை. மூஸ் மானின் தோலைப் பதப்படுத்துவதை எடுத்துக்கொள்வோம். சதையையும் மயிரையும் சுரண்டவேண்டும். மூளையைக் கரைத்த நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, இழுத்து மென்மையாக்கவேண்டும். பின் உளுத்த மரத்தின் புகையில் காட்டவேண்டும். பல நாள் வேலை இது. ஒரு பாடவேளைக்குள் அடைத்தால் வெறும் செய்முறை விளக்கமாகிவிடும். அடுத்தது மூத்தோரின் தகுதி. சான்றிதழ் இல்லாதவர் என்பதால் அவரை விருந்தினராக மட்டும் அமர்த்தும் பள்ளி, அவர் அறிவைப் பாடமாக மதிக்கவில்லை. எதைக் கற்பிக்கலாம், எதைச் சமூகத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமையும் அந்த மண்ணின் மக்களுக்கே உரியது.

முடிவுரை

புளூ குவில்ஸ் முதல் கிரீ வாரியம் வரை, நிர்வாகம் மக்கள் கைக்கு வந்த பிறகே கல்வி நிலத்துக்குத் திரும்பியது. ஆகவே ஒரு திட்டத்தை எடைபோட, மாணவர் எத்தனை நாள் காட்டில் இருந்தனர் என்று கேட்டால் போதாது. நாள்காட்டியை வகுத்தவர் யார், பாடத்தைத் தேர்ந்தவர் யார், மூத்தோருக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் மதிப்பும் கிடைத்தனவா என்று கேட்கவேண்டும். இவற்றுக்கு விடை இல்லாத திட்டம், எவ்வளவு நல்லெண்ணத்தோடு நடந்தாலும், கல்விச் சுற்றுலாவே.