பாஸ்கா இரவு



பெரிய வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மிடையே அரிது. மலாக்காவில் 1710ஆம் ஆண்டு எழுந்த புனித பேதுரு ஆலயத்திலும், சிங்கப்பூர் விக்டோரியா தெருவிலுள்ள புனித சூசையப்பர் ஆலயத்திலும் அன்று மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தித் திரளுவதை வேற்றுச் சமயத்தாரும் நின்று பார்ப்பதுண்டு. ஆனால் மறுநாள் சனிக்கிழமை இரவில், விளக்குகள் அனைத்தும் அணைக்கப்பட்ட கோவிலுக்கு வெளியே கத்தோலிக்கர் நெருப்பு மூட்டி, அதிலிருந்து ஒரு பெரிய மெழுகுத்திரியை ஏற்றுகிறார்களே, அது எதற்கு என்று கேட்டால் விடை சொல்பவர் குறைவு. கத்தோலிக்கரிலேயே சற்று வயதானவர்கள் தயங்குவார்கள். அவர்கள் மீது குறையில்லை. அவர்களுடைய பெற்றோர் காலத்தில் அந்தச் சடங்கு இரவில் நடைபெறவே இல்லை. ஆண்டின் தலைசிறந்த அந்த இரவு எப்படித் தொலைந்தது, எப்படித் திரும்பக் கிடைத்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், அந்த இரவில் நடந்ததாகக் கிறிஸ்தவர் நம்புவது என்ன?

இயேசு இறந்தது வெள்ளிக்கிழமை. பொழுது சாய்ந்தால் யூதரின் ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்பதால் உடலை அவசரமாக அடக்கம் செய்தார்கள். ஓய்வுநாள் கழிந்து, வாரத்தின் முதல் நாள் விடியற்காலையில் பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள். கல் புரட்டப்பட்டிருக்கிறது, உடலைக் காணோம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயேசுவின் பாடுகளை அவ்வளவு விரிவாக எழுதிய நான்கு நற்செய்தியாளர்களும், அவர் உயிர்த்தெழுந்த அந்த நொடியைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அதைக் கண்டவர் எவரும் இல்லை. பெண்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் இருளிலேயே நடந்து முடிந்திருந்தது. அந்தச் செய்தியை முதலில் சொன்னவர்கள் பெண்கள் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பெண்களின் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பில்லாத சமுதாயம் அது. ஊரை நம்பவைக்கக் கதை கட்டுபவன் அப்படித் தொடங்கியிருக்க மாட்டான்.

நற்செய்தி நூல்கள் எழுதப்படுவதற்கு முன்பே, ஏறத்தாழ கி.பி. 55ஆம் ஆண்டில், புனித பவுல் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு மடல் எழுதினார். கொரிந்து கிரேக்க நகரம். ஆன்மா அழியாதது, உடலோ அதற்குச் சிறை என்ற எண்ணம் கிரேக்கரிடையே பரவியிருந்தது. ஆகவே இறந்தவர் உயிர்த்தெழுவர் என்பதைச் சிலர் ஏற்கவில்லை. பவுல் விட்டுக்கொடுக்கவில்லை. உயிர்த்த கிறிஸ்துவைக் கண்டவர்களை வரிசையாகச் சொல்கிறார். ஒரே வேளையில் ஐந்நூறு பேருக்கு மேல் கண்டதாகவும், அவர்களில் பலர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் எழுதுகிறார். பிறகு அவர் வைக்கும் வாதம் துணிச்சலானது. கிறிஸ்து எழவில்லையென்றால் தாம் பிரசங்கித்ததும் வீண், அவர்கள் நம்பியதும் வீண் என்று தம் சமயத்தையே பணயம் வைத்துவிடுகிறார்.

கத்தோலிக்கரின் நம்பிக்கை இன்றும் இந்த மடலின் மீதே நிற்கிறது. ஆன்மா உடலைவிட்டு விடுதலை பெறுகிறது என்பதோடு அது நின்றுவிடுவதில்லை. இறந்து மீண்டும் பழைய வாழ்வுக்கே திரும்பிய லாசரின் நிலையும் அதுவன்று. உடலோடு கூடிய முழு மனிதன் இனிச் சாவில்லாத புதிய வாழ்வுக்குள் எடுத்துக்கொள்ளப்படுகிறான். கிறிஸ்து அதில் முதலானவர். மற்றவர்கள் அவர் பின்னே வருவார்கள். இதுவே அவர்கள் கொள்கை.

இனித் திருவிழாவுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஈஸ்டர் என்கிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் பாஸ்கா என்றும், சீர்திருத்த சபையாரின் தமிழ் வேதாகமம் பஸ்கா என்றும் சொல்வது எபிரேயச் சொல்லின் வழி வந்தது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த தம் முன்னோர் ஓர் இரவில் விடுவிக்கப்பட்டதை யூதர் நினைவுகூரும் விழா அது. நீசான் மாதம் 14ஆம் நாள், முழுநிலவை ஒட்டி வருவது. கிறிஸ்து பலியானதும் அந்த விழாக் காலத்திலேதான்.

எந்த நாளில் கொண்டாடுவது என்பதில் பெரிய சச்சரவு எழுந்தது. சின்ன ஆசியாவின் கிறிஸ்தவர்கள், கிழமை எதுவானாலும், யூதரின் 14ஆம் நாளையே கைக்கொண்டார்கள். உரோமையில் ஞாயிற்றுக்கிழமைதான். ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் ஸ்மீர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்பு, முதிர்ந்த வயதில் கடல் கடந்து உரோமைக்கு வந்து பாப்பரசர் அனிசேட்டுவுடன் பேசினார். இருவரும் தத்தம் மரபை விடவில்லை. ஆயினும் அனிசேட்டு தம் ஆலயத்திலேயே பொலிக்கார்ப்பைப் பூசை நிறைவேற்றச் சொல்லி மரியாதை செய்தார்; சமாதானமாகப் பிரிந்தார்கள். பின்னால் வந்த பாப்பரசர் விக்டருக்கு அவ்வளவு பொறுமையில்லை. ஆசியச் சபைகளை விலக்கிவைக்க முனைந்தார். லியோன் நகர ஆயர் இரனேயு, அந்த இரு முதியவர்களின் சந்திப்பை எடுத்துக்காட்டி அவருக்குப் புத்தி சொல்லி எழுதினார். இந்தச் செய்தி நமக்குக் கிடைத்தது அந்தக் கடிதத்தால்தான்.

325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. மார்ச் 21க்கு அல்லது அதற்குப் பின் வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது பின்னர் நிலைத்த கணக்கு. பங்குனி உத்திரமும் பெரிய வெள்ளியும் பல ஆண்டுகளில் ஒரே வாரத்தில் வருவதை நேயர்கள் கண்டிருக்கலாம். இரண்டும் ஒரே நிலவைப் பார்த்து வைத்த நாள்கள்தாம். பழைய ரோமப் பஞ்சாங்கம் பத்து நாள் பிசகிப்போனதை 1582இல் பாப்பரசர் 13ஆம் கிரகோரி திருத்தினார். கீழைச் சபைகளில் பெரும்பாலானவை அத்திருத்தத்தைப் பாஸ்காவுக்கு ஏற்கவில்லை. அதனால்தான் இன்றுவரை இருவேறு ஞாயிறுகள். 2025இல் போல எப்போதாவது இரண்டும் ஒன்றாக வருவதுண்டு.

நாளைவிட முக்கியமானது நேரம். ஆதிக் கிறிஸ்தவர்கள் பாஸ்காவைக் காலையில் தொடங்கியதில்லை. சனிக்கிழமை இரவு முழுவதும் கண்விழித்து, பழைய ஏற்பாட்டை வாசித்துச் செபித்து, சேவல் கூவும் வேளையில் நோன்பை முடித்தார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் பெண்மணி தம் குறிப்பில், பாஸ்கா விழிப்பு தம் ஊரில் நடப்பது போலவே அங்கும் நடப்பதாக எழுதுகிறார். ஒன்று மட்டும் அங்கே கூடுதல். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களை ஆயர் நேரே கிறிஸ்துவின் கல்லறை இருக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்வாராம். மன்னர் கான்ஸ்டன்டைன் கட்டுவித்து 335இல் அபிஷேகம் செய்யப்பட்ட அந்த ஆலயத்தை மேற்கத்தியர் திருக்கல்லறை ஆலயம் என்கிறார்கள். கிரேக்கர் அதை அனஸ்தாசிஸ், அதாவது உயிர்ப்பு, என்கிறார்கள். ஒரே கட்டடம், பெயரில் எவ்வளவு தூரம்!

திருமுழுக்கு என்றேன். அந்த இரவின் இதயம் அதுவே. கிறிஸ்தவராக விரும்பியவர் நெடுநாள் பயிற்சி பெற்று, தவக்காலம் முழுதும் நோன்பிருந்து, பாஸ்கா இரவில் தண்ணீருக்குள் இறங்குவார். மூன்று முறை மூழ்குவது கிறிஸ்துவோடு கல்லறைக்குள் போவது. எழுவது அவரோடு எழுவது. வெளியே வந்ததும் வெள்ளாடை. ஒரு வாரம் அதை அணிந்திருப்பார்கள். 387ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இரவு, மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கையால் அப்படி இறங்கி எழுந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் அகஸ்தீன். அவருடைய மகனும் நண்பரும் உடன் இருந்தார்கள். அந்த எண்கோணத் தொட்டியின் அடித்தளத்தை இன்றைய மிலான் பேராலயத்துக்குக் கீழே காணலாம். வாரத்துக்கு ஏழு நாள். எட்டாவது, புதுப் படைப்பின் நாள் என்பதால் எண்கோணம்.

பிறகு நடந்தது என்ன? ஐரோப்பா முழுதும் கிறிஸ்தவமாகி, குழந்தைகளுக்குத் திருமுழுக்கு என்பது வழக்கமாயிற்று. தண்ணீருக்குள் இறங்கப் பெரியவர்கள் இல்லை. இரவெல்லாம் விழித்திருக்கக் காரணமும் குறைந்தது. விழிப்பு இரவிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து பகலுக்கும் நகர்ந்தது. 1566இல் பாப்பரசர் 5ஆம் பத்திநாதர் நண்பகலுக்குப் பின் பூசை கூடாதென்று விதித்தபின் அது சனிக்கிழமை காலையிலேயே நிலைத்தது. 1642இல் அந்த நாள் கட்டாயத் திருநாள் பட்டியலிலிருந்தும் நீங்கிற்று. குருவானவரும் சில உதவியாளரும் விரல்விட்டு எண்ணக்கூடிய பக்தரும் கூடியிருக்க, பட்டப்பகல் வெளிச்சத்தில் புதுநெருப்பு மூட்டி, இரவின் பெருமையை இலத்தீனில் பாடிக்கொண்டிருந்தார்கள். தவக்காலமும் அன்று நண்பகலோடு முடிந்துவிடும்! மக்களின் உள்ளம் வெள்ளிக்கிழமையிலேயே தங்கிவிட்டது. சிலுவையில் அழுதவர்கள் கல்லறையருகே காத்திருக்கக் கற்றுக்கொள்ளவில்லை. இது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

மீட்டுத் தந்தவர் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர். 1951 பிப்ரவரி 9ஆம் நாள் வெளியான ஆணை, விரும்பும் ஆயர்கள் சோதனையாக விழிப்பை இரவிலேயே நடத்தலாம் என்றது. 1955 நவம்பரில் வந்த ஆணை, அடுத்த ஆண்டு முதல் எங்கும் அப்படியே நடத்த வேண்டும் என்றது. சீர்திருத்திய சடங்கில் ஒரு புதுமை இருந்தது. கூடியிருப்போர் கையில் திரியோடு நின்று, தங்கள் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்க வேண்டும். அதை அவரவர் தாய்மொழியில் செய்யலாம். இலத்தீன் ஒலித்த கோவில்களில், அந்த ஒரு நிமிடத்துக்கு மக்கள் தங்கள் மொழியில் விடை சொல்ல வழி பிறந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1972இல், பெரியவர்களைத் திருச்சபையில் சேர்க்கும் பழைய முறையும் உயிர்பெற்றது. இன்று நம் நாட்டுக் கோவில்களிலும் பலர் பாஸ்கா இரவிலேயே திருமுழுக்குப் பெறுகிறார்கள்.

அந்தப் பெரிய திரியின் கதை அன்றிரவோடு முடிவதில்லை. ஐம்பது நாள், தூய ஆவி பெருவிழா வரை, அது பீடத்தருகே எரியும். பிறகு திருமுழுக்குத் தொட்டியருகே வைக்கப்படும். குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும்போது அதிலிருந்துதான் சிறுதிரியை ஏற்றித் தந்தையின் கையில் கொடுப்பார்கள். ஒருவர் இறந்து அவருடைய பெட்டி கோவிலுக்கு வரும்போதும் அதே பாஸ்காத் திரியைப் பெட்டியருகே வைப்பார்கள். உடல் உயிர்த்தெழும் என்ற நம்பிக்கையால் திருச்சபை நெடுங்காலம் தகனத்தைத் தடை செய்திருந்தது. அந்த நம்பிக்கையை மறுப்பதற்காகச் செய்யாதவரை தகனத்துக்குத் தடையில்லை என்று 1963இல் விதி தளர்ந்தது. ஆயினும் சாம்பலைக் கடலில் கரைக்காமலும் வீட்டில் வைக்காமலும் புனித இடம் ஒன்றில் வைக்க வேண்டும் என்று 2016இல் மீண்டும் வலியுறுத்தப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த ஒரு சிறு மாடம் போதும். வருவோர் அங்கே திரி ஏற்றி நிற்கிறார்கள்.