ஹென்றி ஃபவுலர்: சொலிசிட்டராக வந்து இந்தியா மந்திரியானவர்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. இங்கிலாந்தில் கிராம சபைகள் எப்படி வந்தன என்று தேடிப் படித்தபோது 1894-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கண்ணில் பட்டது. அதைப் பார்லிமென்டில் நடத்திக் கொடுத்தவர் ஹென்றி ஹார்ட்லி ஃபவுலர். சட்டம் நிறைவேறிய அதே மார்ச் மாதம் அவருக்கு வேறு இலாகா கொடுத்துவிட்டார்கள். எந்த இலாகா தெரியுமா? இந்தியா! நம் தாத்தாக்களுக்கு வரி விதித்த மனிதர் என்றதும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

1830-இல் சண்டர்லாந்தில் பிறந்தார். அப்பா ஜோசப் ஃபவுலர், வெஸ்லியன் மெத்தடிஸ்ட் சபையின் போதகர். 1848-இல் அந்தச் சபையின் வருடாந்திர மாநாட்டுக்கே செயலாளராக இருந்தவர். போதகர்களின் பிள்ளைகளுக்கென்று சபை நடத்திய உட்ஹவுஸ் குரோவ் பள்ளியில் பையன் படித்தான். 1852-இல் சொலிசிட்டர் ஆனார். மூன்று வருடம் கழித்து இரும்புத் தொழில் செழித்த வுல்வர்ஹாம்ப்டன் ஊருக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டார். அந்த ஊரின் முதல் மேயராக இருந்த இரும்பாலை முதலாளி தார்னிகிராஃப்டின் மகள் எலனை 1857-இல் மணந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் வக்கீல் என்றால் ஒரே ஜாதி கிடையாது. கவுன் போட்டுக்கொண்டு பெரிய கோர்ட்டில் வாதாடுகிறவர் பாரிஸ்டர். கட்சிக்காரரைச் சந்தித்து, பத்திரம் எழுதி, வழக்கைத் தயார் செய்து பாரிஸ்டர் கையில் கொடுப்பவர் சொலிசிட்டர். மந்திரி பதவி வரை போகிற வழக்கறிஞர்கள் பெரும்பாலும் முதல் வகைதான். ஃபவுலர் இரண்டாம் வகை. போதாக்குறைக்கு அரசாங்கத் திருச்சபையைச் சேராத மெத்தடிஸ்ட். காபினெட்டுக்குள் நுழைந்த முதல் மெத்தடிஸ்ட் அவர், முதல் சொலிசிட்டரும் அவர்தான் என்கிறார்கள்.

படிப்படியாகத்தான் ஏறினார். 1863-இல் ஊருக்கு மேயர், 1870-இல் அங்கு அமைந்த முதல் பள்ளி போர்டுக்குத் தலைவர். 1880-இல்தான், ஐம்பது வயதில், லிபரல் கட்சி சார்பில் பார்லிமென்ட். அதன்பின் 28 வருடம் அந்த ஊர் அவரை விடவில்லை. உள்துறையிலும் நிதித்துறையிலும் துணைப் பதவிகள் பார்த்த பிறகு, 1892-இல் கிளாட்ஸ்டன் அவரை உள்ளாட்சி வாரியத் தலைவர் ஆக்கினார்.

அதுவரை இங்கிலாந்துக் கிராமங்களில் 'வெஸ்ட்ரி' என்று ஒரு கூட்டம் இருந்தது. பெயரே கோயில் அறையிலிருந்து வந்தது. அரசாங்கத் திருச்சபையின் பாதிரியார் தலைமை தாங்குவார், பக்கத்தில் ஊர் நிலக்கிழார் இருப்பார். அவர்கள் சொன்னதுதான் தீர்மானம். கூலிக்காரன் கதவோரம் நிற்கலாம், அவ்வளவுதான். ஃபவுலரின் சட்டம் அந்த வெஸ்ட்ரியிடமிருந்து கோயில் சாராத ஊர்க் காரியங்களை எடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களிடம் கொடுத்தது. 300 பேருக்கு மேல் உள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் கவுன்சில், அதற்குக் கீழே என்றால் ஊர்க்கூட்டம். கல்யாணமான பெண்ணும் வாக்களிக்கலாம், தேர்தலில் நிற்கலாம். ஏழைகள் நிவாரணத்தைக் கவனிக்கும் கார்டியன் பதவிக்குச் சொத்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போயிற்று. பிரபுக்கள் சபை இதைக் கடித்துக் குதறித்தான் அனுப்பியது. அந்தத் திருத்தங்களைப் பற்றிப் பேசியதுதான் காமன்ஸ் சபையில் கிளாட்ஸ்டனின் கடைசிப் பேச்சு. அத்தோடு அவர் விலகினார், ரோஸ்பரி பிரதமரானார், ஃபவுலர் இந்தியா அலுவலகத்துக்குப் போனார்.

இனிமேல்தான் கதை சிக்கலாகிறது.

அப்போது இந்தியக் கஜானா காலி. வெள்ளி விலை சரிந்து ரூபாயின் மதிப்பு விழுந்துகொண்டே இருந்தது. லண்டனுக்குக் கட்ட வேண்டிய பென்ஷன், வட்டி எல்லாம் பவுனில். எனவே 1894 மார்ச்சில் இறக்குமதிச் சரக்குகளுக்கு 5 சதவீத வரி போட்டார்கள். பருத்தி நூலுக்கும் துணிக்கும் மட்டும் விலக்கு. இறக்குமதியில் பெரிய சரக்கே அதுதானே, அதை விட்டுவிட்டு வரி போடுவதா என்று இங்கே கூச்சல். லங்காஷயர் மில்காரர்களின் ஓட்டுக்குப் பயந்து விட்டது என்பது ஊரறிந்த ரகசியம்.

டிசம்பரில் ஃபவுலர் அதை மாற்றினார். பருத்திச் சரக்குக்கும் 5 சதவீதம் வந்தது. லங்காஷயர் கொதித்தது. 1895 பிப்ரவரி 21 அன்று சர் ஹென்றி ஜேம்ஸ் காமன்ஸ் சபையில் அவசரத் தீர்மானம் கொண்டுவந்தார். ரோஸ்பரி அரசுக்கு இருந்த பெரும்பான்மையோ நூலிழை. சொந்தக் கட்சியின் லங்காஷயர் மெம்பர்கள் மாறி ஓட்டுப் போட்டால் அன்றைக்கே கவிழ்ந்திருக்கும். ஃபவுலர் எழுந்தார். இந்தியாவுக்கு இந்தச் சபையில் தனியாக மெம்பர் இல்லை, ஆகவே இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும், எந்தத் தொகுதிக்காரராக இருந்தாலும், இந்தியாவுக்கும் மெம்பர்தான் என்ற பொருளில் பேசினார். தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. எதிர்க்கட்சியிலேயே பலர் அவர் பக்கம் ஓட்டுப் போட்டார்கள். அவர் வாழ்நாளில் பேசியதிலேயே சிறந்தது அதுதான் என்று பின்னாளில் எல்லோரும் எழுதினார்கள்.

படித்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அடுத்த பத்தியைப் படித்ததும் அடங்கிவிட்டது. இறக்குமதி வரியோடு கூடவே, இந்திய மில்களில் நூற்கும் 20-ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கும் அதே 5 சதவீதம் கலால் வரி போட்டிருந்தார்கள். லங்காஷயரோடு போட்டி போடக்கூடியது அந்த உயர்ந்த ரக நூல்தான். மான்செஸ்டர் துணிக்கு வரி போட்டால் பம்பாய் மில்லுக்குச் சலுகை கிடைத்துவிடக் கூடாதாம். ஃபவுலருக்கு இது அநியாயமாகப் படவில்லை. கட்டற்ற வணிகத்தை வேதமாக நம்பியவர், வரி வருமானத்துக்கு மட்டுமே, பாதுகாப்புக்கு அல்ல என்று மனசாட்சிப்படியே நினைத்திருப்பார். இந்தியாவுக்கு மெம்பராக நின்ற சபையில் ஒரே ஒரு இந்தியர் இருந்தார், தாதாபாய் நௌரோஜி. வரி கட்டப்போகும் மில்காரருக்கோ அங்கே ஓட்டே கிடையாது.

அபின் விஷயம் இன்னும் உறுத்தலானது. இந்திய அரசு அபின் விற்றுச் சம்பாதிப்பது பாவம் என்று இங்கிலாந்தின் சபைகள் ஆண்டுக்கணக்கில் போராடின. மெத்தடிஸ்டுகளும் அதில் இருந்தார்கள். 1893-இல் அமைத்த ராயல் கமிஷன் 1895-இல் அறிக்கை கொடுத்தது: பயந்த அளவுக்குத் தீங்கில்லை, நிறுத்த வேண்டாம் என்று. ஹென்றி வில்சன் என்ற ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் மறுத்து எழுதினார். அந்த ஆண்டு மே மாதம் சபையில் அபின் எதிர்ப்புத் தீர்மானம் வந்தபோது, கமிஷன் அறிக்கைக்காக நின்று பேசியவர் போதகர் மகன் ஃபவுலர்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு கிராமத்தில் மதுக்கடைக்கு இடம் பார்த்த கோப்பு என் மேஜைக்கு வந்தது. நான் குடிக்காதவன், குடியால் ஒரு சித்தப்பாவைப் பறிகொடுத்த வீட்டுக்காரன். தூரமெல்லாம் விதிப்படி சரியாக இருந்தது. 'ஆட்சேபணை இல்லை' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, மறுநாள் இறங்கிவிட்டது. ஃபவுலருக்கு எப்படி இருந்ததோ.

1895 ஜூனில் அரசு கவிழ்ந்தது. பத்து வருடம் எதிர்க்கட்சி வரிசை. அதில் போயர் யுத்தத்தை ஆதரித்து லிபரல்களில் சாம்ராஜ்யப் பிரியர்களோடு சேர்ந்துகொண்டார். 1905-க்குப் பிறகு மறுபடி மந்திரி, 1908-இல் வுல்வர்ஹாம்ப்டன் பிரபு. 1911 பிப்ரவரியில் காலமானார். இரண்டு பெண்களுமே எழுத்தாளர்கள். மூத்தவர் எலனின் நாவல் 1898-இல் வந்து சக்கைப் போடு போட்டது. அப்பாவின் வாழ்க்கையை இளையவர் எடித் 1912-இல் புத்தகமாக எழுதினார். மகள் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

கலால் வரி மட்டும் அவரோடு போகவில்லை. 1896-இல் நூலை விட்டுவிட்டு மில் துணிமேல் மூன்றரை சதவீதமாக உருமாறி, 1925 டிசம்பரில்தான் நிறுத்தப்பட்டது. பாரிஷ் கவுன்சில்கள் இன்றும் கூடிக்கொண்டிருக்கின்றன.