அவிழ்த்த பொதியை மறுபடி கட்டுதல்

மென்பொருள் ஒன்றை நிறுவியதும் அது வந்த பொதி அவிழ்ந்து மறைந்துவிடுகிறது. இயங்கும் நிரல் ஓர் அடைவுக்கும், கையேடு இன்னொன்றுக்கும், அமைப்புக் கோப்புகள் 'எட்ஸி' அடைவுக்கும் போய்ச் சேர்கின்றன. நூற்றுக்கணக்கான பொதிகளின் கோப்புகள் அங்கே கலந்து கிடக்கும். அவற்றில் ஒரு பொதிக்கு உரியவற்றை மட்டும் பொறுக்கித் திரட்டி மறுபடி பொதியாகக் கட்டும் கருவி, டெபியன் லினக்ஸில் 1990களிலேயே உருவானது. ஜோயி ஹெஸ் எழுதிய அந்தக் கருவியின் பெயர் டிபிகேஜி-ரீபேக். அது கட்டித் தருவதைப் பழைய பொதியின் நகல் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். அந்தப் பொதி அந்த ஒரு கணினியில் வாழ்ந்த விதத்தின் பதிவு என்றே அதைக் கொள்ள வேண்டும். அப்படிக் கொண்டால்தான் அதன் பயனும் ஆபத்தும் பிடிபடும்.

இப்படி மறுபடி கட்டுவது சாத்தியமானதற்குக் காரணம் ஒரு கணக்குப் பேரேடு. இயான் மர்டாக் 1993இல் தொடங்கிய டெபியனில், பொதிகளைக் கையாளும் டிபிகேஜி எந்தக் கோப்பை எங்கே வைத்தது என்பதை, பொதிக்கு ஒரு பட்டியலாக, கோப்புக்கு ஒரு வரியாக, யாரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்தில் குறித்துவைத்தது. நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓடவேண்டிய சிறு நிரல்களையும் அந்தப் பட்டியலின் பக்கத்திலேயே பத்திரப்படுத்தியது. பொதியின் பெயர், பதிப்பு எண், அது சார்ந்திருக்கும் பிற பொதிகள் ஆகியவை தனியொரு கோப்பில் பதிவாயின. நாளை நீக்கவோ புதுப்பிக்கவோ நேர்ந்தால் ஒரு கோப்பும் தவறிவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட கணக்கு இது. டெபியன் பயன்படுத்தும் டெப் வடிவப் பொதிக்குள் இருப்பதும் மூன்றே உறுப்புகள்: வடிவத்தின் எண்ணைச் சொல்லும் ஒரு சிறு கோப்பு, கட்டுப்பாட்டு விவரங்கள், நிறுவவேண்டிய கோப்புகள். விவரங்கள் பேரேட்டில் இருந்தன, கோப்புகள் வட்டில் இருந்தன. சேர்த்துக் கட்ட ஆள்தான் வேண்டியிருந்தது. ரெட் ஹாட்டின் ஆர்பிஎம் தரவுத்தளத்தை வைத்து ஆர்பிஎம்-ரீபில்டும், ஜென்டூவில் குயிக்பேக்கேஜும் செய்தது இதே வேலையைத்தான்.

1996 ஜூனில் வந்த டெபியன் 1.1இல் 474 பொதிகள் இருந்தன. மோடம் வழியே ஒவ்வொன்றாக இறக்கிய அந்த நாளில், ஒரு கணினியில் இருப்பதைக் கட்டி இன்னொன்றுக்குக் கொண்டுபோவது பெரிய உதவி. இன்று அந்தத் தேவை எங்கே, 2005 முதலான டெபியன் பொதிகளை நாள்வாரியாகத் தரும் காப்பகமே இருக்கிறதே என்று கேட்கலாம். காப்பகம் தருவது டெபியன் வெளியிட்டதை மட்டும். ஒரு நிறுவனம் தனக்கென்று கட்டிக்கொண்ட பொதியோ, வெளியிட்டவரே தளத்தை மூடிவிட்ட பொதியோ அதில் கிடைக்காது. அத்தகைய மென்பொருளின் கடைசிப் பிரதி, ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு வழங்கியில்தான் இருக்கும்.

உண்மையான சிக்கல் அமைப்புக் கோப்புகளில் இருக்கிறது. டிபிகேஜி-ரீபேக், நிர்வாகி கைப்படத் திருத்திய அமைப்புக் கோப்பைத் திருத்தத்தோடேயே பொதிக்குள் வைக்கும். அந்தப் பொதியை வேறொரு கணினியில் நிறுவினால், திருத்திய வடிவத்தையே தயாரித்தவர் தந்த மூல வடிவம் என்று டிபிகேஜி நம்பிவிடும். அடுத்த பதிப்பு வரும்போது, பழையதை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்காமலே அந்தத் திருத்தத்தை அழித்துப் புதியதை வைத்துவிடும். பல நாள் உழைத்துச் சரிசெய்த அமைப்பு சத்தமில்லாமல் போய்விடும். கருவியின் கையேடே இதை ஒளிக்காமல் எச்சரிக்கிறது. ஜென்டூவின் குயிக்பேக்கேஜ் எதிர்வழி போனது: நாமாகக் கேட்டாலன்றி அமைப்புக் கோப்புகளைச் சேர்க்காது. அவற்றில் கடவுச்சொற்கள் இருக்கக்கூடும் என்பது நியாயமான அச்சமே. பொதியை ஊருக்கெல்லாம் கொடுப்பதானால் ஜென்டூவின் வழியே சரி. ஆனால் புதுப்பிப்பதற்கு முன் இருந்த நிலையைக் காத்துவைக்க நினைப்பவருக்கு, திருத்தங்கள் இல்லாத பொதியால் என்ன பயன்? பெரும்பாலான மூலப் பொதிகளை எங்கிருந்தாவது தேடி எடுத்துவிடலாம். அந்தத் திருத்தங்கள் அந்தக் கணினியை விட்டால் எங்கும் இல்லை. ஆகவே டெபியனின் தேர்வே இந்த வேலைக்குப் பொருந்தியது என்பேன்.

களவாக மாற்றப்பட்ட கோப்பும் இப்படிப் பொதியாகி, முறையான பொதியின் தோற்றம் பெற்றுவிடாதா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஒரு பாதுகாப்பு உண்டு. டெபியன் காப்பகம் கையொப்பமிட்டு வெளியிடும் பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் சரிபார்ப்புத் தொகை இருக்கிறது. மறுபடி கட்டிய பொதி அதோடு ஒத்துப்போகாது. ஆனால் கோப்பைக் கையில் வாங்கி நேராக நிறுவுபவர் பட்டியலைப் பார்ப்பதில்லை. பெயரும் பதிப்பு எண்ணும் இயல்பாக மூலப் பொதியில் இருந்தபடியேதான் இருக்கும். பதிப்பு எண்ணிலேயே ஓர் அடையாளத்தைக் கருவி தானாகவே சேர்த்திருக்க வேண்டும். இயல்பில் அப்படிச் சேர்க்காதது பெரிய குறை. பொதியின் விளக்கத்தைக் கடைசிவரை படிப்பவருக்கு மட்டும், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி தென்படும்: இன்ன தேதியில், டிபிகேஜி-ரீபேக்கால் மறுபடி கட்டப்பட்டது.